நித்தியகல்யாணியை அரைத்துக் குடித்தால் என்ன?

மணப்பட்டில் கடற்கரைக்குப் போகிற பாதையில் மண் எங்கே மணலாக மாறுகிறதோ அங்கிருந்தே நித்தியகல்யாணி தொடங்கிவிடும். யாரும் நட்டதில்லை, யாரும் தண்ணீர் ஊற்றியதில்லை. பனையடியில் முளைக்கும், சவுக்குச் சருகுக்குள் முளைக்கும், இடிந்த சுவரின் வெடிப்பிலும் முளைக்கும். சித்திரை வெயிலில் மற்றதெல்லாம் கருகிக் கிடக்கும்போது இது மட்டும் ஐந்திதழை விரித்துக்கொண்டு நிற்கும். மேய வரும் ஆடு பக்கத்துப் புல்லைக் கரும்பும். இதை முகர்ந்துவிட்டு நகர்ந்துவிடும். சுடுகாட்டோரம் மண்டிக் கிடப்பதால் ‘சுடுகாட்டு மல்லி’ என்றும் சொல்வார்கள். அதனாலேயே எங்கள் பாட்டி இதை வாசலில் வைக்க விட்டதில்லை.

பக்கத்து வீட்டு அக்காவுக்கு மார்பில் கட்டி. அறுவைக்குப் பிறகு கோரிமேடு ஜிப்மரில் வாரம் ஒரு ஊசி ஏறிக்கொண்டிருந்தது. ஒருநாள் மாலை திண்ணையில் உட்கார்ந்து முல்லை கட்டிக்கொண்டே கேட்டார்.

“ஏம்பா, இந்தப் பூவுலருந்துதான் புத்துக்கு மருந்து எடுக்கறாங்களாமே, நெசமா?”

“நெசந்தாங்க்கா.”

“அப்ப எதுக்கு நான் ரெண்டு பஸ்ஸு மாறி அம்மாந்தூரம் போயி ஊசி போட்டுக்கணும்? வாசல்லயே கெடக்குது. அரைச்சிக் குடிச்சா ஆவாதா?”

ஆகாது என்று ஒரே சொல்லில் முடித்திருக்கலாம். ஆனால் அது நியாயமான கேள்வி. செடியில் மருந்து இருக்கிறது என்று நாமே சொல்லிவிட்டு, செடியைத் தொடாதே என்றும் சொன்னால், கேட்பவருக்குக் குழப்பம் வராமல் என்ன செய்யும்? அன்று திண்ணையில் நான் அவருக்குச் சொன்னதும், அவசரத்தில் விட்டுப்போனதும் சேர்ந்ததுதான் இந்தக் கட்டுரை.

நித்தியகல்யாணி நம் நாட்டுச் செடி அல்ல, தாய்மண் மடகாஸ்கர். கப்பல்களோடு வெப்ப நாடுகள் எங்கும் பரவியது. போன இடமெல்லாம் நாட்டு வைத்தியத்தில் இடம்பிடித்தது. பெரும்பாலும் சர்க்கரை நோய்க்கு. ஜமைக்காவிலும் அப்படித்தான் இலையைக் காய்ச்சிக் குடித்தார்கள். 1952-ல் அங்கிருந்து ஓர் உறையில் சில இலைகள் கனடாவின் டொரான்டோவுக்கு, கிளார்க் நோபிள் என்ற மருத்துவருக்கு வந்து சேர்ந்தன. இந்தக் கிளார்க் நோபிளுக்கு ஒரு பழைய கதை உண்டு. 1921-ல் இன்சுலின் ஆராய்ச்சியைத் தொடங்கிய பான்டிங்குக்கு உதவியாளராக முதலில் யார் போவது என்று இரண்டு மாணவர்கள் நாணயம் சுண்டினார்கள். வென்றவர் சார்லஸ் பெஸ்ட். இன்சுலினோடு அவர் பெயரும் நிலைத்தது. தோற்றவர் நோபிள். முப்பது ஆண்டு கழித்துத் தம் கைக்கு வந்த இலையை அவர் தம்பி ராபர்ட் நோபிளுக்கு அனுப்பிவைத்தார். தம்பி, வெஸ்டர்ன் ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் ஆய்வாளர்.

ராபர்ட் நோபிள் இலைச்சாற்றை எலிகளுக்குக் குடிக்கக் கொடுத்தார். சர்க்கரை குறையவில்லை, வேறொன்றும் நடக்கவில்லை. சாற்றைச் செறிவாக்கி ஊசி வழியே செலுத்தினார். சில நாளிலேயே எலிகள் செத்தன. சர்க்கரையால் அல்ல, கிருமித் தொற்றால். இரத்தத்தில் பார்த்தால் வெள்ளையணுக்கள் அடிமட்டத்துக்குச் சரிந்திருந்தன. அவற்றைப் பெற்றெடுக்கும் எலும்பு மஜ்ஜை வேலையை நிறுத்தியிருந்தது. வேறொருவராக இருந்தால் குப்பையில் போட்டிருப்பார். வெள்ளையணுக்கள் கட்டுமீறிப் பெருகுவதுதானே இரத்தப் புற்று, இது அதை அடக்குமே என்று அவர் யோசித்தார். வேதியியலாளர் சார்லஸ் பியரும் சேர்ந்துகொள்ள, 1958-ல் ஒரு தனிப்பொருள் கையில் வந்தது: வின்பிளாஸ்டின். அமெரிக்காவின் எலி லில்லி நிறுவனமும் அதே செடியில்தான் தேடிக்கொண்டிருந்தது. அங்கே கிடைத்த வின்கிறிஸ்டின் 1963-ல் அனுமதி பெற்று, குழந்தைகளின் இரத்தப் புற்றுக்கு இன்றுவரை முதல் வரிசை மருந்தாக நிற்கிறது.

அக்காவின் கேள்விக்கு முதல் பதில் இந்த எலிகளிடமே இருக்கிறது. குடித்த எலிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஊசி போட்ட எலி செத்தது. ஒரே இலை. எந்த வழியில் போகிறது, எவ்வளவு போகிறது என்பதில் வேலையே இல்லாமல் போகலாம், உயிரும் போகலாம். இரண்டுக்கும் நடுவில் மருந்து என்று ஓர் ஒடுங்கிய வரப்பு இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்கத்தான் இத்தனை ஆண்டு.

உள்ளே அது என்ன செய்கிறது? நம் கடற்கரையில் கரைவலை இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்வது எளிது. இரண்டு அணி, இரண்டு வடம், நடுவில் வலை. ஓர் உயிரணு இரண்டாகப் பிரியும்போது அதன் நடுவில் மரபுப்பொருள் இரண்டு படிகளாக வரிசைகட்டி நிற்கும். இரண்டு துருவங்களிலிருந்தும் மெல்லிய வடங்கள் புறப்பட்டுவந்து ஆளுக்கொரு படியைப் பற்றித் தம் பக்கம் இழுக்கும். இழுத்து முடிந்தால்தான் நடு இடுங்கி ஒன்று இரண்டாகும். இந்த வடங்களை நுண்குழல்கள் என்பார்கள். டியூபுலின் என்ற புரதத் துண்டுகள் ஒன்றோடொன்று கோத்து உருவாகும் வடம் இது. தேங்காய் நார்க் கயிறு போல ஒருமுறை திரித்தால் திரித்ததுதான் என்று இருக்காது. ஒரு முனையில் வளர்ந்துகொண்டே இருக்கும், பிரிந்துகொண்டும் இருக்கும். வளர்ந்துதான் மரபுப்பொருளை எட்டுகிறது, பிரிந்து குறுகித்தான் அதை இழுக்கிறது. நித்தியகல்யாணிச் சரக்கு அந்த டியூபுலின் துண்டுகளில் ஒட்டிக்கொண்டு வடத்தைத் திரிய விடாது. பிரியப் புறப்பட்ட அணு பாதிவழியில் நின்று, நின்ற இடத்திலேயே சாகும்.

புற்று அணு ஓயாமல் பிரிவது. ஆகவே அடி அதன் மீதுதான் அதிகம் விழும். ஆனால் ஓயாமல் பிரிகிற அணுக்கள் நம் உடம்பில் வேறும் உண்டு. மயிர்க்கால், வாயின் உட்தோல், குடலின் உட்பூச்சு, எலும்பு மஜ்ஜை. முடி கொட்டுவதும் வாய்ப்புண் வருவதும் வெள்ளையணு இறங்குவதும் இதனால்தான். பிரியவே பிரியாத நரம்பணுவுக்கும் தொல்லை உண்டு. முதுகுத்தண்டருகே இருக்கும் நரம்பணுவின் இழை விரல் நுனிவரை ஓடுகிறது. அந்த நீண்ட இழைக்குள் சரக்கு ஏற்றிச்செல்லும் தண்டவாளமும் இதே நுண்குழல்தான். அது பழுதானால் முதலில் பட்டினி கிடப்பது கடைசி நிலையம், அதாவது விரல் நுனி. அன்று அக்கா கட்டிக்கொண்டிருந்த முல்லைச் சரம் இரண்டு முறை அவர் கையிலிருந்து நழுவியது. நான் கவனித்தேன், கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

செடி ஏன் இதைச் செய்துவைத்திருக்கிறது என்று யோசித்தால் ஆடு பதில் சொல்லும். நகர முடியாத உயிருக்கு ஆயுதம் வேதியியல்தான். இந்த ஒரு செடியில் மட்டும் 130-க்கு மேற்பட்ட ஆல்கலாய்டுகளைப் பிரித்தறிந்திருக்கிறார்கள். வின்பிளாஸ்டின் அவற்றில் ஒன்று. அதுவும் அரிதிலும் அரிது. ஒரு கிராம் எடுக்க 500 கிலோ காய்ந்த இலை வேண்டும் என்பது வழக்கமான கணக்கு. ஓர் ஊசிக்குப் பத்து மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டால் 5 கிலோ சருகு. அதைக் கசாயமாக்கினால் அந்தப் பத்து மில்லிகிராமோடு மற்ற நூற்றுச்சொச்சமும் சேர்ந்து இறங்கும். அவற்றில் இரத்த அழுத்தத்தைத் தாழ்த்துவது ஒன்று. வேண்டியது இல்லாத அளவிலும் வேண்டாதது ஏகப்பட்ட அளவிலும் வந்து சேரும்.

ஏன் இவ்வளவு குறைவு என்பதற்கு 2010-ல் கனடாவின் பிராக் பல்கலைக்கழகத்தில் ஓர் அழகான விடை கிடைத்தது. வின்பிளாஸ்டின் என்பது இரண்டு பாதிகள் சேர்ந்த மூலக்கூறு. ஒரு பாதி கேத்தரன்தின், மறுபாதி வின்டோலின். இலை இவற்றை ஒன்றாக வைப்பதில்லை. கேத்தரன்தினை வெளியே தள்ளி இலையின் மேல் மெழுகுப்பூச்சில் படியவைக்கிறது. வின்டோலினை உள்ளே அணுக்களுக்குள் பூட்டிவைக்கிறது. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு தனித்தனியாக இருக்கும்வரை சிவப்பு ஏது? பாதிகள் தனித்தனியே ஏராளமாக இருக்கின்றன, சேர்ந்தது மட்டும் இல்லை.

இந்தப் பாதிகளைப் பட்டறையில் சேர்த்துப் பார்த்தவர் ஒரு பிரெஞ்சுக்காரர். பியேர் பொத்தியே. பாரிசுக்கு அருகே ஜிஃப்-சூர்-இவெத் என்ற சிற்றூரில் அரசு ஆய்வுக்கூடத்தில் இருந்தார். 1970-களில் கேத்தரன்தினையும் வின்டோலினையும் இணைக்கும் வழியைக் கண்டார். இணைத்ததில் ஒரு வளையத்தைச் சற்றே சுருக்கியபோது, செடி ஒருபோதும் செய்திராத ஒரு புது மூலக்கூறு கிடைத்தது. அதுதான் வினோரெல்பின். நரம்புத் தொல்லை அண்ணன்மார்களைவிடக் குறைவு. பிரான்சில் 1989-ல் நுரையீரல் புற்றுக்கும் 1991-ல் மார்பகப் புற்றுக்கும் அனுமதி வந்தது. உடம்பில் பரவிவிட்ட மார்பகப் புற்றுக்கு இன்றும் கொடுக்கிறார்கள், மாத்திரையாகவும் வந்துவிட்டது. மணப்பட்டு மணலில் கிடக்கும் செடிக்கும் மார்பகப் புற்றுக்கும் நேரடி உறவு இதுதான். நடுவில் ஒரு வேதியியல் பட்டறை இருக்கிறது.

நம் நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. இராமநாதபுரம், தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களின் மானாவாரி நிலத்தில் இதைப் பயிராகவே விதைக்கிறார்கள். மழை பொய்த்தாலும் ஏமாற்றாத பயிர். ஆடுமாடு பயமும் இல்லை, வேலியும் வேண்டாம். இலை ஒரு வியாபாரிக்கு, வேர் ஒரு வியாபாரிக்கு. நெடுங்காலம் இங்கிருந்து சருகாகப் போய் அங்கிருந்து குப்பியாகத் திரும்பிவந்தது. 1980-களில் புனேயின் தேசிய வேதியியல் ஆய்வகமும் சிப்லா நிறுவனமும் சேர்ந்து வின்பிளாஸ்டினையும் வின்கிறிஸ்டினையும் இங்கேயே எடுக்கத் தொடங்கின. அதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. இன்னொரு திருப்பம் 2022-ல் வந்தது. டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஜே கீஸ்லிங் குழுவினர் இட்லி மாவுபோல நொதிக்கிற ஈஸ்டுக்குள் செடியின் மரபணுக்களை வைத்து அந்த இரண்டு பாதிகளையும் அதையே செய்யவைத்தார்கள். அது மலிவாகும் நாளில் கோவில்பட்டிச் சருகை யார் வாங்குவார்கள் என்ற கவலையும் எனக்கு உண்டு.

சரி, அக்காவுக்கு வாரந்தோறும் ஏறியது நித்தியகல்யாணியா? இல்லை. அது பேக்லிடாக்செல். அதுவும் தாவரத்திலிருந்து வந்ததுதான், ஆனால் ஒரு மரத்திலிருந்து.

1962 ஆகஸ்டில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலக் காட்டில் ஆர்தர் பார்க்லே என்ற தாவரவியலாளர் பசிபிக் யூ என்ற மரத்தின் பட்டையைச் சேகரித்தார். மரவெட்டிகள் களையென்று எரித்துவிடும் மரம் அது. பட்டை வட கரோலினாவுக்குப் போனது. அங்கே மன்ரோ வால் என்பவரோடு வேலை பார்த்தவர் மன்சுக் வானி, மகாராஷ்டிரத்தின் நந்துர்பாரில் பிறந்தவர். இருவரும் பட்டையிலிருந்து ஒரு பொருளைத் தனியாக்கி, 1971-ல் அதன் அமைப்பை வெளியிட்டார்கள். அதற்குப் பிறகு பல ஆண்டுகள் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தண்ணீரில் கரையாது, கிடைப்பதோ சொற்பம். 1979-ல் நியூயார்க்கில் சூசன் ஹார்விட்ஸ் அது செய்யும் வேலையைக் கண்டு சொன்னதும்தான் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நித்தியகல்யாணி வடத்தைத் திரிய விடாது; யூ பட்டை திரிந்த வடத்தைப் பிரிய விடாது. இறுகி விறைத்துப்போன வடத்தை வைத்துக்கொண்டு எப்படி இழுப்பது? வழி நேர் எதிர், முடிவு ஒன்றே. 1992-ல் சூலகப் புற்றுக்கும் 1994-ல் மார்பகப் புற்றுக்கும் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

பட்டை உரித்தால் மரம் செத்துவிடும். ஒரு கிலோ மருந்துக்கு ஏறத்தாழ 10,000 கிலோ பட்டை, ஆயிரக்கணக்கான மரங்கள். அமெரிக்கக் காட்டுக்கு வந்த ஆபத்து நம் இமயத்துக்கும் வந்தது. அங்கே வளரும் இமாலய யூ கண்மூடித்தனமாக வெட்டப்பட்டு, 1995-ல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் ஏறியது. இந்த இடத்தில் மறுபடியும் பொத்தியே வருகிறார். அவருடைய ஆய்வுக்கூட வளாகத்தில் சாலை போட ஐரோப்பிய யூ மரங்களை வெட்டினார்கள். வெட்டிப்போட்ட கிளைகளை அவர் விடவில்லை. ஊசியிலைகளில் மருந்தின் முக்கால் உருவம் ஏராளமாக இருந்தது. பட்டறையில் மீதி வாலை ஒட்டவைத்தால் போதும். இலை பறித்தால் மரம் துளிர்க்கும். அப்படிப் பிறந்த டோசிடாக்செலை 1996-ல் அமெரிக்கா மார்பகப் புற்றுக்கு அனுமதித்தது. ஒரே மனிதர், இரண்டு செடிகள், மார்பகப் புற்றுக்கு இரண்டு மருந்துகள். பிரெஞ்சுப் பெயர்ப்பலகைகளைப் படித்துக்கொண்டே வளர்ந்த புதுச்சேரிப் பிள்ளைகளுக்குப் பொத்தியேவின் பெயர் தெரியாமல் போனது எனக்குக் குறையாகவே படுகிறது.

இங்கே ஆமணக்குக்கும் ஒரு வேலை இருக்கிறது. தண்ணீரில் கரையாத பேக்லிடாக்செலைக் கரைக்க, பக்குவப்படுத்திய ஆமணக்கெண்ணெயையும் ஆல்கஹாலையும் பயன்படுத்தினார்கள். அந்த எண்ணெய்ப் பொருளே சிலருக்குக் கடும் ஒவ்வாமையைக் கிளப்பும். அதனால்தான் டிரிப்ஸ் ஏற்றுவதற்கு முன்னால் ஸ்டீராய்டும் ஒவ்வாமைத் தடுப்பு ஊசியும் போடுகிறார்கள். “முன்ஊசி எதுக்குப்பா, அதுவே தலையச் சுத்துது” என்று அக்கா கேட்டதற்கு விடை அது.

மூன்றாவது கதைதான் எனக்கு மிகவும் பிடித்தது. வாலும் வானியும் 1966-ல் சீனத்து மரமொன்றிலிருந்து கேம்ப்டோதெசின் என்ற பொருளை எடுத்தார்கள். 1970-களில் நோயாளிகளிடம் சோதித்தபோது சிறுநீர்ப்பை புண்ணாகி இரத்தம் கொட்டியது, நிறுத்திவிட்டார்கள். அதே பொருள் நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் ஒரு சிறு மரத்திலும் இருக்கிறது என்று 1972-ல் எழுதினார்கள் இருவர்: சென்னை மாநிலக் கல்லூரியில் வேதியியல் கற்பித்து, பின்பு மும்பையில் சிபா ஆய்வு மையத்தை நடத்திய டி. ஆர். கோவிந்தாச்சாரியும் அவருடைய சகா என். விஸ்வநாதனும். பூ நாற்றமடிக்கும் மரம். அன்று அதன் பெயர் மாப்பியா ஃபீட்டிடா. இன்று நோத்தபொடைட்டிஸ் நிம்மோனியானா. சீன மரத்தைவிட இதில் சரக்கு அதிகம். அந்தப் புகழே அதற்கு வினையானது. வேரோடு பெயர்த்து விற்று மலையில் அதை அருகவைத்துவிட்டோம்.

கைவிடப்பட்ட பொருள் எப்படித் திரும்பி வந்தது? 1985-ல் அதன் இலக்கு தெரிந்தது. இது வடத்தைத் தொடுவதில்லை. மரபிழையைப் படியெடுக்கும்போது முறுக்கேறும். அந்த முறுக்கைத் தளர்த்த ஒரு நொதி இழையில் ஒரு புரியை வெட்டி, சுழலவிட்டு, மறுபடி ஒட்டும். கேம்ப்டோதெசின் வெட்டிய நொதியை ஒட்டவிடாமல் பிடித்துக்கொள்கிறது. இழை அறுந்தபடியே நிற்கும். இலக்கு தெரிந்ததும் வேதியியலாளர்கள் மூலக்கூறை மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். ஆனாலும் வீரியம் உடம்பு தாங்காத வீரியம். ஆகவே இன்னொரு யோசனை செய்தார்கள்: மருந்தைத் தனியாக அனுப்பாமல், புற்று அணுவின் மேலிருக்கும் அடையாளத்தைத் தேடிப் பிடிக்கும் எதிர்ப்புரதத்தின் முதுகில் கட்டி அனுப்புவது. கதவு எண் தெரிந்த தபால்காரர் கையில் கொடுத்த பொட்டலம் மாதிரி; அணுவுக்குள் போன பிறகுதான் அவிழும்.

அப்படி வந்தவற்றில் இரண்டைச் சொல்கிறேன். 2019 இறுதியில் அனுமதி பெற்ற டிராஸ்டுசுமாப் டெருக்ஸ்டெகான், ஹெர்-2 என்ற அடையாளத்தைத் தேடிப் போவது. 2020-ல் வந்த சாசிட்டுசுமாப் கோவிடெகான், மும்மறை மார்பகப் புற்றுக்கு உரியது. ஹார்மோன் சிகிச்சைக்கும் ஹெர்-2 மருந்துக்கும் மசியாத வகை அது. மேலைநாட்டுப் பெண்களைவிட நம் பெண்களிடம் அதிகமாகப் பார்க்கிறோம். நோய் மற்ற இடங்களுக்குப் பரவி, வேறு மருந்துகளும் பலிக்காத பெண்களிடம் செய்த சோதனையில், வழக்கமான கீமோ பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 6.7 மாதம், இந்த மருந்து பெற்றவர்களுக்கு 12.1 மாதம். ஐந்தரை மாதம்தானா என்று தோன்றும். அந்த ஐந்தரை மாதத்தில் ஒரு பெண் தன் மகளின் கல்யாணத்தைப் பார்த்துவிடலாம். விலையோ நம்மவர்கள் எட்டமுடியாத உயரத்தில் இருக்கிறது. கோவிந்தாச்சாரி பார்த்த மரத்தின் சரக்கு, சுற்றிச் சுற்றித் தபால்காரர் முதுகேறி, நம் வாசலுக்கு வரும்போது நம்மால் கையெழுத்துப் போட்டு வாங்க முடியாத பொட்டலமாக இருக்கிறது. இது மாற வேண்டும்.

இப்போது மஞ்சளுக்கு வருகிறேன். அக்கா அடுத்துக் கேட்டது அதைத்தான். மஞ்சளின் குர்குமின் பற்றி ஆயிரக்கணக்கான ஆய்வுகள் உண்டு. கண்ணாடித் தட்டில் வளர்த்த மார்பகப் புற்று அணுக்களை அது கொல்கிறது, உண்மை. ஆனால் தட்டில் கொல்வது பெரிய காரியம் அல்ல. சோப்புத் தண்ணீரும் கொல்லும். தட்டில் ஊற்றிய செறிவு கட்டியை எட்டுமா என்பதே கேள்வி. குர்குமின் குடலில் உறிஞ்சப்படுவது மிகச் சொற்பம். உறிஞ்சியதையும் ஈரல் உடனே மாற்றி வெளியேற்றிவிடும். மேலும், பலவகைச் சோதனைகளில் எல்லாவற்றோடும் ஒட்டிக்கொண்டு, வேலை செய்வது போலக் கண்ணை ஏமாற்றும் மூலக்கூறு அது என்று 2017-ல் மருந்து வேதியியலாளர்கள் விரிவாகவே எழுதினார்கள். கதிர்வீச்சுச் சிகிச்சையில் வரும் தோல் எரிச்சலைக் குறைக்கும் என்று 30 பெண்களிடம் செய்த சிறு சோதனை சொன்னது. 686 பெண்களிடம் செய்தபோது அந்தப் பலன் தெரியவில்லை. ஆர்மீனியாவில் 150 பெண்களுக்குப் பேக்லிடாக்செலோடு குர்குமினை இரத்தக்குழாய் வழியே ஏற்றியதில் கட்டி சுருங்கியவர்கள் 51 விழுக்காடு, ஏற்றாதவர்களில் 33. கதவை மூடிவிட முடியாது என்று இது சொல்கிறது. பெரிய சோதனை நடக்கட்டும். அது இரத்தக்குழாயில் ஏற்றிய குர்குமின், மஞ்சள்தூள் அல்ல என்பதையும் மறக்க வேண்டாம்.

“மிளகோட சேத்தா ஒட்டும்னு சொல்றாங்களே?” ஒட்டும். 1998-ல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியினர் மிளகின் பைப்பரின் சேர்த்தால் இரத்தத்தில் குர்குமின் இருபது மடங்கு கூடுகிறது என்று காட்டினார்கள். எப்படிக் கூடுகிறது? வேண்டாத பொருளை உடைத்து வெளியேற்றும் ஈரலின், குடலின் வேலையைப் பைப்பரின் தடுக்கிறது. அது தடுக்கும் ஈரல் நொதிகளில் சில டோசிடாக்செல், வினோரெல்பின் போன்றவற்றையும் உடைப்பவை. அளந்து கொடுத்த கீமோ உடம்பில் அளவுக்கு மீறித் தங்கினால் என்னாகும்? எதிர்த்திசையிலும் நடக்கும். மார்பகப் புற்று திரும்பாமலிருக்க ஆண்டுக்கணக்கில் விழுங்கும் டாமாக்சிஃபென், உடம்புக்குள் எண்டாக்சிஃபெனாக மாறித்தான் வேலை செய்கிறது. நெதர்லாந்தில் 16 பெண்களிடம் பார்த்தபோது, மஞ்சள்-மிளகுச் சத்து மாத்திரை அந்த எண்டாக்சிஃபெனைக் குறைத்துவிட்டது.

முள்சீத்தா பற்றி வாட்ஸ்அப்பில் வரும் ‘கீமோவைவிடப் பத்தாயிரம் மடங்கு’ என்ற செய்திக்கும் ஒரு மூலம் உண்டு. 1996-ல் வந்த ஓர் ஆய்வு. கண்ணாடித் தட்டில், குடல் புற்று அணுவில், ஒரு தனிப்பொருள். மனிதரில் அல்ல, மார்பில் அல்ல, பழத்திலும் அல்ல. பிரெஞ்சுக் கரீபியத் தீவான குவாடலூப்பில் இந்தக் குடும்பத்துப் பழங்களையும் இலைத் தேநீரையும் வழக்கமாகக் கொண்டவர்களிடம் பார்க்கின்சன் போன்ற நடுக்க நோய் கூடுதலாகக் காணப்பட்டதை மட்டும் அந்தச் செய்தி சொல்வதில்லை.

இவற்றையெல்லாம் கோபத்தோடு எழுதவில்லை. மார்பில் கட்டியை உணர்ந்த பெண் முதலில் தேடுவது மறைவைத்தான். பற்றுப் போட்டுப் பார்க்கிறாள், கசாயம் குடித்துப் பார்க்கிறாள், யாரிடமும் சட்டையை விலக்கிக் காட்டாமல் சரியாகிவிடாதா என்று பார்க்கிறாள். ஊருக்குள் நான் இதைக் கண்டிருக்கிறேன். செடியின் மேல் அவளுக்கிருக்கும் நம்பிக்கையில் பாதி கூச்சம், பாதி பேருந்துக் காசு. ஆனால் கணக்கு இரக்கமில்லாதது. அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தார் 2018-ல் வெளியிட்ட ஆய்வில், வழக்கமான சிகிச்சையை மறுத்து மாற்று வைத்தியத்தை மட்டும் நம்பிய மார்பகப் புற்று நோயாளிகள் சாகும் அபாயம் மற்றவர்களைவிட 5.68 மடங்கு இருந்தது. தொடக்கத்தில் பிடித்தால் தீர்த்துவிடக்கூடிய நோய் இது. இந்தியாவில் 2022-ல் ஏறத்தாழ 1,92,000 பெண்களுக்குப் புதிதாகக் கண்டறியப்பட்டது. அதே ஆண்டில் இறந்தவர்கள் ஏறத்தாழ 98,000.

இதையெல்லாம் கேட்டுவிட்டு அக்கா கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். பிறகு உள்ளே போய் ஒரு டப்பாவைக் கொண்டுவந்தார். மருமகன் சென்னையிலிருந்து அனுப்பியது. மஞ்சளும் மிளகும் சேர்ந்த மாத்திரை. காலையில் ஒன்று, இரவில் ஒன்று.

“டாக்டரம்மாகிட்ட சொன்னீங்களா?”

“இது மருந்தாப்பா? மஞ்சாத்தூளுதான.”

“ஃபைலோட எடுத்துப் போயிக் காட்டுங்கக்கா.”

“அப்ப ரசத்துல போடறது?”

“ரசம் தாராளமாக் குடிங்க. அது ஒண்ணும் பண்ணாது.”

சிரித்தார். சரத்தை எடுத்து மறுபடி கட்டத் தொடங்கினார். நார் விரலில் நிற்கவில்லை. அப்போதுதான் கேட்டேன். மூன்று வாரமாக விரல் நுனியெல்லாம் மரத்துக் கிடக்கிறதாம், செருப்பு கழன்று விழுவதும் தெரிவதில்லையாம். சொன்னால் ஊசியை நிறுத்திவிடுவார்களோ என்று மறைத்துவைத்திருக்கிறார். வடத்தின் கதையை மறுபடி ஒருமுறை சொன்னேன், இந்த முறை அவர் விரலைத் தொட்டு. நிறுத்த மாட்டார்கள், அளவை மாற்றிப் பார்ப்பார்கள், சொல்லாமல் விட்டால் மரத்தது மரத்ததாகவே நின்றுவிடவும் கூடும் என்றேன்.

செவ்வாய்க்கிழமை கன்னியக்கோயில் நிறுத்தத்தில் பேருந்து ஏறும்போது மஞ்சள்பைக்குள் ஃபைலும் அந்த டப்பாவும் இருந்தன. மாலையில் திரும்பிவந்து, மாத்திரையை நிறுத்தச் சொன்னதையும், ஊசியின் அளவைக் குறைத்து எழுதியதையும் சொல்லிவிட்டு, கட்டிமுடிக்காத முல்லையை என் மனைவி கையில் கொடுத்துவிட்டுப் போனார்.